ஏழாம் பைக்குச் சேனை வைத்த கதை

எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு மின்பலகை உண்டு. ‘இம்மாவட்டத்தில் சிசு மரணம்: பூஜ்யம். இன்றோடு 1,104 நாட்கள்’ என்று சிவப்பு எழுத்து ஓடிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் இணை இயக்குநர் டாக்டர் திருவேங்கடநாதன் கைகூப்பிச் சிரிக்கிற படம். ஜே.டி. என்றால் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். வெளிமாநிலத்திலிருந்து வருகிற அதிகாரிகள் பலகையைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். அவர்களுக்கு இளநீர் கொடுத்து அனுப்புவோம்.

பலகை பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். பொய் என்றால் யாராவது ஒருநாள் கண்டுபிடித்துவிடலாமே.

என் பெயர் ஜெயசீலி. இருபத்தெட்டு வருடம் நர்ஸ் வேலை. கடைசி மூன்று வருடமாகப் பை வார்டுக்குப் பொறுப்பு. சர்க்கார் அதற்கு ‘இடைநிலைப் பேணகம்’ என்று பெயர் வைத்திருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் வாட்ச்மேனுக்கே தெரியாது. பை என்றால் பச்சைப்பிள்ளைகூடக் காட்டும்.

விஷயம் எளிது. மாதம் நிறையும் முன்பே வெளியே வரத் துடிக்கிற பிள்ளையைத் தொப்புள்கொடியோடு எடுத்து, வெதுவெதுப்பான உப்புநீர் நிறைந்த பைக்குள் விட்டு, கொடியை மெஷினோடு சேர்த்துவிடுவோம். பிள்ளை அம்மா வயிற்றில்தான் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு கட்டைவிரலைச் சப்பியபடி வளரும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இருபத்தைந்து வாரத்துப் பிள்ளை வந்தால், துணியில் சுற்றித் தகப்பன் கையில் கொடுப்போம். வேறு வழி தெரியாது. இன்று பத்துக்கு எட்டு பிழைக்கிறது. மெஷினைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும்.

மீதி இரண்டு? அங்கேதான் சட்டம் வந்து உட்கார்ந்துகொண்டது. கொடி மெஷினோடு இருக்கும்வரை பிள்ளை பிறக்கவில்லை. பிறக்காத பிள்ளை எப்படிச் சாகும்? அதனால் பைக்குள் போகிற உயிருக்குச் சாவுப் பதிவு கிடையாது, பிறப்புப் பதிவும் கிடையாது. தாய் கையில் ஒரு சீட்டு தருவோம். ‘கர்ப்பம்: நிறைவுறாதது.’ பதினோரு வாரம் கண்ணாடி வழியாகப் பார்த்துப் பார்த்து, மூக்கு அப்பாவைப் போல, நெற்றி அத்தையைப் போல என்று பேசியிருப்பாள். கடைசியில் அந்தச் சீட்டை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறுவாள். அந்தச் சீட்டை எழுதிக் கொடுக்கிற கை என் கை. நாற்பத்தொரு முறை எழுதியிருக்கிறேன்.

என் கைப்பையில் ஒரு நோட்டும் இருக்கிறது. அதைப் பற்றி இப்போது வேண்டாம்.

மெஷின்களையெல்லாம் நடத்துகிற புரோகிராமின் பெயர் ‘அன்னை’. ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோல ஒரு குரல். தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கு ஒவ்வொரு பைக்கும் மார்க் சொல்லும். இதயத்துடிப்பு, எடை, ரத்தம் எல்லாவற்றையும் கூட்டிப் பெருக்கி நூற்றுக்கு இத்தனை என்று. பாஸ் மார்க் முப்பத்தைந்து. சர்க்காருக்கு வேறு எண் தெரியாது. மூன்று நாள் தொடர்ந்து பெயிலானால் ‘மீளொதுக்கீடு’. அதாவது கொடியைக் கழற்றிவிட்டுப் பையை அடுத்த பிள்ளைக்குக் கொடுப்பது. சொல்லி முடித்ததும் அன்னை தவறாமல் சேர்த்துக்கொள்வாள்: “ஒத்துழைப்புக்கு நன்றி.”

அந்தத் திங்கட்கிழமை ஏழாம் பை இரண்டாம் நாளாகப் பெயில். ஞாயிறு முப்பத்துநான்கு, திங்கள் முப்பத்திரண்டு.

ஏழாம் பைக்குச் சொந்தக்காரி முத்துராக்கு. தினசரிக் காலண்டர் தாள்கட்டை அட்டையோடு பின் அடித்துச் சேர்க்கிற வேலை. இருபத்துநான்கு வயது. இருபத்தைந்தாம் வாரம் பட்டறையில் நின்றபடியே பனிக்குடம் உடைந்து வந்தவள். பிள்ளை அறுநூற்றுப் பத்து கிராம், பெண். ஒரு மாதமாக ஒழுங்காக வளர்ந்துகொண்டிருந்தது, போன வாரம் கிருமி பிடித்துக்கொண்டது. மருந்து கொடுத்துக்கொண்டிருந்தோம். வேலை செய்யும் என்றுதான் டாக்டர்களும் சொன்னார்கள். ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அன்னையிடம் ஒரு நாள்தான் இருந்தது.

முத்துராக்கு அழவில்லை. பையின் மேல் ஒட்டியிருந்த காலண்டர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு நாளும் தாளைக் கிழித்துத் தலையணைக்கு அடியில் சேர்த்துவைக்கிறவள் அவள்.

“நாளைக்குத் தாளை நான் கிழிக்க மாட்டேன் சிஸ்டர்” என்றாள். “கிழிக்காட்டி நாளு நகராதுல்ல?”

சலைன் பாட்டிலைச் சரிசெய்வதுபோல நடித்துவிட்டு வெளியே வந்தேன். அங்கே அவளுடைய மதினி ஆவுடைத்தாய் காத்திருந்தாள். புருஷனுடைய அக்கா. சத்தமில்லாமல் பேசுவது எப்படி என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

“சிஸ்டர், ஒண்ணே ஒண்ணு கேக்கேன். எம் மருமக வாயில ஒரு சொட்டு சேனை வச்சுக்கிடுதேன்.”

சேனை தெரியாதவர்களுக்கு: எங்கள் பக்கம் பிறந்த பிள்ளை நாக்கில் நல்லவர் ஒருவர் சீனித் தண்ணீர் தொட்டு வைப்பார். பிள்ளைக்கு அவர் குணம் வரும் என்று நம்பிக்கை. பிள்ளை அடம்பிடித்தால் “உனக்குச் சேனை வச்சது யாரு?” என்றுதான் முதலில் கேட்பார்கள். எனக்கு இந்தப் பேச்சைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். ஒரு பெரியவர் பீடிக் கையைச் சீனித் தண்ணீரில் முக்கி எட்டாம் மாதத்துப் பிள்ளை வாயில் வைத்ததும், மூன்றாம் நாள் அதன் வயிறு உப்பிக் கறுத்ததும் நான் கண்ணால் பார்த்தது.

“ஏம்மா, புத்தி இருக்கா உனக்கு? கிருமியில கெடக்குற பிள்ளைக்கு இன்னும் கிருமி ஊட்டணுமா?”

“திட்டுங்க. நல்லாத் திட்டுங்க. ஆனா எதையும் ருசி பாக்காம அனுப்பிரக்கூடாது சிஸ்டர். வந்த பிள்ளைக்கு ஒரு சொட்டு கூடக் குடுக்கலன்னா நாம என்ன மனுச மக்க?”

நான் வாயை மூடிக்கொண்டேன். ஏன் மூடிக்கொண்டேன் என்பது அவளுக்குத் தெரியாது. அந்த ‘ஒரு சொட்டு’ என் மண்டைக்குள் புகுந்துகொண்டது. நேரே கம்ப்யூட்டர் அறைக்குப் போனேன்.

அங்கே கார்மேகம் இருந்தார். நாற்பது வயசு. அன்னைக்கு எண்ணெய் போட்டுத் துடைக்கிற ஆள் என்று தன்னைச் சொல்லிக்கொள்வார். நல்ல நக்கல் பேர்வழி, ஆனால் பை வார்டு வாசலைத் தாண்டி உள்ளே வரமாட்டார். மருந்து வாடை ஆகாது என்பார். ஏதாவது கோளாறு என்றால் வாசலில் நின்றபடியே “அந்தப் பச்சை பட்டனை அமுக்குங்க சிஸ்டர்” என்று கத்துவார்.

“கார்மேகம், பையில இருக்குற பிள்ளைக்குத் தாய்ப்பால் ஒரு சொட்டு விட்டா அன்னை என்ன செய்வா?”

“எந்தக் கட்டத்துல எழுதுவீங்க?”

“வாய்வழி ஊட்டல்னு ஒரு கட்டம் இருக்குல்ல. நான் எழுதிப் பாத்திருக்கேன். ‘தகுதி இல்லை’ன்னு திருப்பி விட்டுருவா.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எத்தனை முறை எழுதிப் பார்த்தீர்கள் என்று கேட்கவில்லை.

“சிஸ்டர், நீங்க என்னமோ அன்னை புதுசுன்னு நெனைக்கீங்க. பழைய இன்குபேட்டர் புரோகிராமுக்கு மேல சுண்ணாம்பு அடிச்சு விட்டுருக்காங்க, அவ்வளவுதான். அந்தக் கட்டம் பழைய வீட்டுக் கதவு. அடைக்க மறந்துட்டாங்க. வயித்துக்குள்ள இருக்குற பிள்ளைக்கு யாராவது வாய்வழி ஊட்ட முடியுமா?”

“முடியாது.”

“அப்போ அந்தக் கட்டத்துல எண்ணு விழுந்தா, பிள்ளை வெளிய வந்துருச்சுன்னு அர்த்தம். அன்னை தானா ஒரு பிறப்பைப் பதிஞ்சிருவா. பிறந்த பிள்ளைக்கு மீளொதுக்கீடு கெடையாது. அது செத்தா சாவு. சென்னை வரைக்கும் விசாரணை. உங்க விரலுக்கு அந்த அதிகாரம் இல்ல. பிறப்புச் சான்று குடுக்குற அதிகாரி விரல் வேணும்.”

“அப்படின்னா இந்த ஆஸ்பத்திரில...”

“ஒரே விரல்தான் சிஸ்டர்.” வாசல் பலகையில் கைகூப்பியிருக்கிற படத்தைச் சன்னல் வழியாகக் காட்டினார்.

எனக்கு இன்னொரு கவலையும் இருந்தது. பிரசவ வார்டில் ஒருத்தி இருபத்தாறு வாரத்தில் வலியோடு படுத்திருந்தாள். அவள் பிள்ளைக்குத்தான் ஏழாம் பை. பன்னிரண்டு பைகளும் நிரம்பியிருந்தன. முத்துராக்கு பிள்ளையைக் காப்பாற்றுகிறேன் என்று இன்னொருத்தி பிள்ளையைத் தெருவில் விட்டால், அது என்ன நியாயம்? அதைச் சொன்னேன்.

“பதிமூணாவது பை இருக்குல்ல?” என்றார் கார்மேகம்.

இருந்தது. ஜே.டி.யின் மீட்டிங் ஹாலில், கண்ணாடிப் பெட்டிக்குள், நீல விளக்கோடு. வருகிற விருந்தினர்களுக்குக் காட்ட. உள்ளே ஒரு ரப்பர் பொம்மை மிதந்துகொண்டிருக்கும். அதற்கு மார்க் எப்போதும் நூறு.

“அவ பிள்ளை பையில்லாம பிறந்தா சட்டப்படி பிறப்பு. செத்தா சட்டப்படி சாவு. பலகை போயிரும். ஏழாம் பை பூட்டிக்கிச்சுன்னா அவர் பொம்மையத் தூக்கிப் போட்டுட்டுப் பையைக் குடுத்துத்தான் ஆகணும்” என்றார் கார்மேகம். பிறகு குரலை இறக்கினார். “நான் ஒண்ணும் சொல்லல சிஸ்டர். எனக்கு எதுக்கு வம்பு?”

செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்குச் சமுதாய வளைகாப்பு. இதுவும் எங்கள் ஜே.டி.யின் யோசனை. சட்டப்படி பைப்பிள்ளைகளின் தாய்மார்கள் இன்னும் கர்ப்பிணிகள்தானே? எனவே மாதம் ஒருமுறை வார்டு முன்னால் நாற்காலி போட்டு, மாலை போட்டு, வளையல் அடுக்கி, ஐந்து வகைச் சாதம் போட்டுப் படம் எடுப்பார்கள். தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தட்டையான வயிற்றோடு பன்னிரண்டு பெண்கள் கர்ப்பிணிகளாக உட்கார்ந்திருப்பார்கள். முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாம் தடவை வரவில்லை.

முந்தின நாள் சாயங்காலமே ஆவுடைத்தாயிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சீனித் தண்ணீர் கிடையாது, முதல் வாரமே பீய்ச்சி உறையவைத்திருந்த முத்துராக்குவின் சீம்பால்தான். விரல் கிடையாது, கொதிக்க வைத்துச் சுத்தம் செய்த சிரிஞ்ச். பையில் வாய்க்கு நேராக மருந்து விடுகிற சின்னக் குழாய் இருக்கிறது. அதன் வழியாக ஒரே சொட்டு. சேனை வைக்கப்போகிறவர் ஜே.டி.

“அந்த ஆளா?” என்று முகம் சுளித்தாள். “எம் மருமகளுக்கு அந்தக் குணம் வந்துருச்சுன்னா?”

“முதல்ல குணம் வர்ற அளவுக்கு வளரட்டும்.”

அதன்பிறகு அவள் வாதாடவில்லை. “நீங்க பாத்துக்கிட்டே இருங்க” என்றாள்.

ஜே.டி. பட்டு வேட்டியில் வந்தார். உள்ளூர் டி.வி.க்காரர் ஒருவரும் வந்திருந்தார். பூஜ்யம் என்ற எண்ணைக் கண்டுபிடித்தது இந்தியா, அதைக் கடைப்பிடிப்பது நம் மாவட்டம் என்று ஜே.டி. ஆரம்பித்தபோது மணி பத்தே முக்கால். முடித்தபோது பதினொன்றரை. நான் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது. முத்துராக்கு கையில் கண்ணாடி வளையல் நிறைந்திருந்தது. அவற்றை ஒவ்வொன்றாக முழங்கைப் பக்கம் தள்ளுவதும் இறக்குவதுமாக இருந்தாள்.

அவர் மைக்கை வைத்ததும் ஆவுடைத்தாய் எழுந்து நேரே அவர் காலில் விழுந்தாள். அவ்வளவு பெரிய உருவம் அவ்வளவு வேகமாக விழும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. டி.வி.க்காரர் கேமராவைத் திருப்பினார்.

“ஐயா! எங்க ஊர்ல சேனை வைக்க ஆளு தேடி நாயா அலைவோம். குடிகாரன் வைக்கக்கூடாது, கோவக்காரன் வைக்கக்கூடாது, பொய்க்காரன் வைக்கக்கூடாது. அப்படி ஒரு ஆளு இந்தச் சில்லாவுல உங்கள விட்டா யாருய்யா இருக்கா? எம் மருமகளுக்கு நீங்க சேனை வைக்கணும். அவ உங்கள மாதிரி வரணும்!”

ஜே.டி.யின் முகம் மலர்ந்தது, உடனே டாக்டராகச் சுருங்கியது. “சேனையா? அதெல்லாம் கூடாதும்மா. இன்ஃபெக்‌ஷன் வந்துரும்.”

“சார் சொல்றது நூத்துக்கு நூறு சரி” என்று நான் முன்னால் வந்தேன். “சீனித் தண்ணி கூடவே கூடாது. அதனாலதான் சார் போன வருஷம் ஒரு சர்க்குலர் போட்டிருக்காங்க. குறைமாசப் பிள்ளைகளுக்குத் தாயோட சீம்பால் ஒரு சொட்டு வாயில விடலாம்னு. ரொம்ப அருமையான சர்க்குலர்.”

“அப்படியா போட்டேன்?” என்று மெதுவாகக் கேட்டார்.

“உங்க கையெழுத்துதான் சார்.” பொய் இல்லை. அந்தச் சர்க்குலர் இன்குபேட்டரில் இருக்கும் பிள்ளைகளுக்கு உரியது என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

“சார், இந்தப் பக்கம் பாத்து ஒரு ஷாட்” என்றார் டி.வி.க்காரர்.

அது போதுமாக இருந்தது. ஜே.டி. வார்டுக்குள் வந்து கை கழுவினார், கையுறை மாட்டினார். சிரிஞ்சை வாங்கி, கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி அழுத்தினார். பைக்குள்ளே, உப்புநீரில், இத்துனூண்டு உதட்டருகே ஒரு மஞ்சள் பொட்டு பரவியது. பிள்ளை நாக்கை நீட்டியது. சத்தியமாக நீட்டியது, நான் பார்த்தேன். வெளியே கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த முத்துராக்கு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள்.

“வாய்வழி ஊட்டல், பூஜ்யம் புள்ளி ஒன்று மில்லி” என்றாள் அன்னை. “ஊட்டியவர் விரல் வைக்கவும்.”

“சார், ஒரு விரல்” என்று ரேகை வைக்கிற கருவியை நீட்டினேன். கையுறையைக் கழற்றிவிட்டு விரலை வைத்தார். கண் கேமராவில் இருந்தது.

பகல் பன்னிரண்டு. ஜே.டி. தேங்காய்ச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்னை ஒன்றாம் பையிலிருந்து ஆரம்பித்தாள். ஆறு வரை வருவதற்குள் முத்துராக்கு என் புறங்கையை நகத்தால் கீறி ரத்தமே வந்துவிட்டது.

“பை எண் ஏழு. மதிப்பெண் முப்பத்தொன்று.” கொஞ்சம் நிறுத்தினாள். “பிறப்பு பதிவான குழந்தை. பிறந்த நேரம், முற்பகல் பதினொன்று முப்பத்தெட்டு. பதிவு செய்தவர், இணை இயக்குநர். மீளொதுக்கீடு பொருந்தாது. ஒத்துழைப்புக்கு நன்றி.”

ஆவுடைத்தாய் விட்ட குலவையில் ஜே.டி.யின் தட்டு ஆடியது. முத்துராக்கு காலண்டர் தாளைக் கிழித்து மடித்துக்கொண்டாள்.

ஒரு மணிக்கு என்னை அறைக்குக் கூப்பிட்டார்கள். கார்மேகமும் கைகட்டி நின்றார். ஜே.டி. மேஜையைக் குத்தினார், தண்ணீர் குடித்தார், மறுபடி குத்தினார். யாருடைய சதி என்று கேட்டார். சார்தான் விரல் வைத்தீர்கள், டி.வி.யில்கூட வந்தது என்று கார்மேகம் பணிவாகச் சொன்னார். அந்த நேரத்தில் பிரசவ வார்டிலிருந்து போன் வந்தது. இருபத்தாறு வாரத்துக்காரிக்கு இனித் தாங்காது, பை எங்கே என்று.

அவர் மனசுக்குள் பலகை ஓடியதை என்னால் பார்க்க முடிந்தது. பத்து நிமிடத்தில் நீல விளக்கு அணைந்தது. பதிமூன்றாவது பை பிரசவ வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போகப்பட்டது. ரப்பர் பொம்மை சொட்டச் சொட்ட அவர் மேஜையில், கோப்புகளின் மேல் உட்கார்ந்திருந்தது. பதிமூன்றாம் பைக்குள் போன பிள்ளைக்கு மறுநாள் பகல் எழுபத்திரண்டு மார்க்.

ஆனால் கதை முடியவில்லை. சென்னையிலிருந்து கேள்வி வந்துவிட்டது: கொடி அறுபடாத பிள்ளை பிறந்தது எப்படி? இருபத்துநான்கு மணி நேரத்தில் விளக்கம் தேவை. அந்த விளக்கம் சரியாக இருந்தால் பிறப்பை ரத்து செய்யலாம் என்றும் எழுதியிருந்தது. ரத்தானால் ஏழாம் பை மறுபடி பெயில்காரி. மூன்று நாள் கணக்கு ஏற்கனவே முடிந்துவிட்டது. அன்றைக்கே கொடியைக் கழற்றிவிடுவார்கள்.

புதன்கிழமை காலை ஜே.டி. விளக்கம் எழுத உட்கார்ந்தார். மூளைக்காரர், அதில் சந்தேகமே வேண்டாம்.

“ஒரு சொட்டுங்கிறது ஊட்டலே இல்ல” என்று எங்களுக்குப் படித்துக் காட்டினார். “இது இந்த வார்டுல வழக்கமான நடைமுறை. முன்னாடியும் பல பிள்ளைகளுக்குக் குடுத்திருக்கோம். அப்பல்லாம் பிறப்பு பதிவாகல. ஆகவே இதுவும் பதிவாகக் கூடாது. எப்படி?”

“பிரமாதம் சார்” என்றார் கார்மேகம்.

“ஆனா முன்னாடி குடுத்ததுக்கு ஆதாரம் வேணுமே. சும்மா சொன்னா நம்புவாங்களா?”

நான் கைப்பையைத் திறந்தேன்.

இப்போது அந்த நோட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் நாள் மார்க் சொல்லி முடித்ததும், கொடியைக் கழற்ற டாக்டர் வருவதற்குப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தில் நான் தாயிடம் போய் ஒரு சொட்டுப் பால் வாங்கி வருவேன். குழாய் வழியாக விடுவேன். வேதத்தில் இதற்கு இடம் உண்டா என்று எனக்குத் தெரியாது. எங்கள் பங்குச் சாமியாரிடம் கேட்டால் ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று கேட்கவும் இல்லை. எதையும் ருசி பார்க்காமல் ஒரு பிள்ளை போகக்கூடாது, அவ்வளவுதான். அன்னையிடம் எழுதுவேன், திருப்பிவிடுவாள். அதனால் நோட்டில் எழுதினேன். தேதி, நேரம், தாய் பெயர், தகப்பன் பெயர், ஆணா பெண்ணா, 0.1 மில்லி. பிறகு, உயிர் போன நேரம். நாற்பத்தொரு வரி. ஆவுடைத்தாய் என்னிடம் கேட்டபோது நான் ஏன் வாயை மூடிக்கொண்டேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

ஜே.டி. நோட்டைப் புரட்டினார். முகத்தில் விளக்கு எரிந்தது. “சிஸ்டர்! நீங்கதான் இந்த ஆஸ்பத்திரியோட சொத்து. நாப்பத்தொரு ஆதாரம்!”

வரிகளை அவர் எண்ணினார். வாசிக்கவில்லை.

“இதையும் இணைப்பா ஏத்திரட்டுமா சார்?” என்றார் கார்மேகம். “உங்க விரல் வேணும். இல்லைனா சிஸ்டர் சொந்தக் குறிப்புன்னு தள்ளிருவாங்க. ஒவ்வொரு வரிக்கும் வச்சா இன்னும் பலமா இருக்கும்.”

“வை, வை.” நாற்பத்தொரு முறை விரல் வைத்தார். கடைசியில் விரல் வலிக்கிறது என்று உதறிக்கொண்டார்.

அன்னை எப்போதும்போல நிதானமாகப் பேசினாள்.

“நாற்பத்தொரு வாய்வழி ஊட்டல்கள் அதிகாரியால் உறுதி செய்யப்பட்டன. முந்தைய பதிவுகளில் முரண்பாடு. சரிசெய்யப்படுகிறது. நாற்பத்தொரு பிறப்புகள் பதிவாயின. நாற்பத்தொரு இறப்புகள் பதிவாயின. ஏழாம் பையின் பிறப்பு, வார்டு வழக்கத்தின்படி உறுதி செய்யப்பட்டது. விவரங்கள் தலைமையகத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்பப்பட்டன. ஒத்துழைப்புக்கு நன்றி.”

ஜே.டி. ரப்பர் பொம்மையைக் கையில் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சன்னலுக்கு வெளியே பலகை ஒருமுறை அணைந்து எரிந்தது. ‘சிசு மரணம்: 41. இன்றோடு 6 நாட்கள்.’

அவரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். மறைக்கப்பட்ட மரணங்களைத் தாமே முன்வந்து வெளியிட்ட நேர்மையாளர் என்று ஒரு பத்திரிகை எழுதியது. இரண்டு மாதத்தில் விருது வந்தது. சட்டத்தைத் திருத்துகிற கமிட்டிக்கு அவரே தலைவர். எனக்கு ஒரு மெமோ வந்தது, பதில் எழுதிவிட்டேன்.

ஏழாம் பைக்காரி எட்டாம் நாள் முப்பத்தாறு வாங்கினாள். மருந்து வேலை செய்தது. அதை ஆவுடைத்தாயிடம் சொல்லிப் பாருங்கள்! இப்போது பிள்ளைக்குப் பத்து மாதம். போனை யார் நீட்டினாலும் கைகூப்பிச் சிரிக்கிறாளாம். “நான் அப்பவே சொன்னேம்லா, அந்த ஆளு வேண்டாம்னு” என்று ஆவுடைத்தாய் தலையில் அடித்துக்கொள்கிறாள்.

சொல்ல வந்தது அதுவும் இல்லை.

புதன்கிழமை பிற்பகல் சான்றிதழ்களை அச்சடிக்கக் கார்மேகம் உட்கார்ந்தார். ஒரு பிள்ளைக்கு இரண்டு தாள்: பிறந்ததற்கு ஒன்று, இறந்ததற்கு ஒன்று. எழுதிக் கொடுத்த சீட்டுகளுக்கு என் கை பட்ட கடன் என்று நான் ஒவ்வொன்றையும் உறையில் போட்டேன். அன்னை ஒவ்வொரு தடவையும் “பெயர்?” என்று கேட்டாள். மூன்று வருடத்தில் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டு நான் கேட்டதில்லை. பெற்றோர் பிறகு சேர்த்துக்கொள்ளட்டும் என்று காலியாக விட்டுவிட்டுக் கார்மேகம் அடுத்ததற்குப் போனார். விரல்கள் மழைபோல ஓடின. பதினாறு தாண்டியது.

பதினேழில் நின்றார்.

எனக்குத் தெரியும். அந்த வரியை எழுதியவள் நான்தானே. ஆண். எழுநூறு கிராம். பால் கொடுத்தவள் பெயர் செண்பகவடிவு. தகப்பன் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. கதவருகில் நின்றுவிட்டுத் தன் அறைக்குப் போய், கம்ப்யூட்டரில் ‘நிறைவுறாதது’ என்று அவரே அடிக்க வேண்டியிருந்தது. அது அவர் வேலை. அன்றைக்கு வேறு ஆள் டூட்டியில் இல்லை.

“பெயர்?” என்றாள் அன்னை.

கார்மேகம் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். மாட்டிக்கொண்டார். பிறகு ஒற்றை விரலால், டைப் அடிக்கத் தெரியாதவர்போல, ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார்.

“வெள்ளைச்சாமி” என்று எனக்கும் சொன்னார். “எங்க அப்பா பேரு சிஸ்டர். மூணாம் மாசமே முடிவு பண்ணி வச்சது.”

“வெள்ளைச்சாமி. பதிவு செய்யப்பட்டது” என்றாள் அன்னை. “ஒத்துழைப்புக்கு நன்றி.”

அன்னை சொல்வதற்கெல்லாம் ஏதாவது ஒரு நக்கல் பதில் வைத்திருக்கிற மனிதர், “சரிம்மா” என்றார்.